இருபத்திரண்டுக்கு வேண்டாம், சாரே

என் அலமாரியின் இரண்டாவது தட்டில் ஒரு கறுப்பு நுரைத் துண்டு இருக்கிறது. மடித்த செய்தித்தாளின் அகலம், நான்கு விரல் கனம். வெவ்வேறு நீளத்திலும் பருமனிலும் அதில் ஐந்து குழிகள் வெட்டியிருக்கும். நான்கு குழிகளில் என் மனைவி மருந்துகளைப் படுக்க வைத்திருக்கிறாள்: மூட்டுவலித் தைலம், இருமல் மருந்து, என் சர்க்கரை மாத்திரைக் குப்பி, அவளுடைய தலைவலிக் களிம்பு. எல்லாவற்றிலும் சிறியதான ஐந்தாவது குழி காலியாக இருக்கிறது. வளைகுடாவிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களில் உருப்படியானது இது ஒன்றுதான் என்பது அவள் கருத்து. அந்தக் குழிகளில் முன்பு படுத்திருந்தவை துப்பாக்கிக் குழாயின் நுனியில் திருகி மாட்டும் சத்தக் குறைப்பான்கள். எல்லாரும் சைலன்சர் என்றுதான் சொல்வார்கள். அவற்றை அந்த நாட்டுக்குள் கொண்டுவர நான் வாங்கிய அனுமதிக் காகிதங்களை அடுக்கினால் இந்த நுரையைவிட உயரமாக நிற்கும். நுரைக்கு மட்டும் அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் பணி ஓய்வு பெற்று வெளியேறிய அன்று அதற்கும் ஒரு கேட் பாஸ் எழுதினேன். நானே கையெழுத்திட்டு, காவலாளியிடம் காட்டிவிட்டுத்தான் எடுத்து வந்தேன். பழக்கம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமீரகத்தில் ஒரு தனியார் துப்பாக்கி சுடும் கழகத்தில் ஆவண அதிகாரியாக இருந்தேன். நகரத்தை விட்டு வெகுதூரம் விலகி, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு தார்ச்சாலை மணலில் முடியும் இடத்தில் அந்தக் கழகம் இருந்தது. ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்த ஒருவன் அங்கே என்ன செய்தான் என்று உறவினர்கள் கேட்பதுண்டு. ஒரு தோட்டாகூட நான் சுட்டதில்லை. தோட்டாவுக்கும் துப்பாக்கிக்கும் துப்பாக்கியைத் துடைக்கும் எண்ணெய்க்கும் எங்கே மனுப் போட வேண்டும், எந்த முத்திரை முதலில், எந்தக் கையெழுத்து பிறகு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மனு எழுதி எழுதியே அரபியும் பழகிவிட்டது. ஒரு பொருளைத் தொடத் தெரியாதவனிடம் அதன் காகிதம் பத்திரமாக இருக்கும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்த்ததில்லை. என் கோப்புகளில் எந்தத் தணிக்கையாளரும் ஒரு குறையையும் கண்டதில்லை.

சுடுதளம் முழுவதும் மாஸ்டரின் கையில் இருந்தது. குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். இந்திய ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் பணிமுடித்து, நேராக வளைகுடாவுக்கு வந்தவர். சண்டைக்காரர், தற்பெருமைக்காரர். கழக உறுப்பினர்கள் எல்லாரும் பெரிய வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் சுடும்போது தோளைத் தட்டி, "அப்படி இல்லை பாய், இப்படி" என்று இந்தியில் அதட்டுவார். கழகத்தின் முதீர், அதாவது மேலாளர், பண்பான உள்ளூர்க்காரர். மாஸ்டரின் வாய்க்குப் பயந்து பல கூட்டங்களைச் சுருக்கமாக முடித்துவிடுவார். என்னைக் கண்டால் மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிடும். "ஒம்ம கையில விட்டா கடலுக்கே கேட் பாஸ் போடுவீரு சாரே" என்பார். ஓசி எண்ணெய்ப் புட்டிக்கு நான் மூன்று பிரதி கேட்ட நாளிலிருந்து இந்தக் கேலி நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் அவர் தேவாலயத்துக்குப் போகும் வழியில் என்னைக் கடைத்தெருவில் இறக்கிவிடுவார். காரை எப்போதும் அவர்தான் ஓட்டுவார். வேறு யார் ஓட்டுவதாகச் சொன்னாலும் ஏறமாட்டார். ராணுவக்காரனின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டருக்குக் கீழே வேலை செய்தவரை முகாமில் எல்லாரும் சித்தப்பா என்று அழைத்தோம். அவருடைய அண்ணன் மகன் சில காலம் எங்களுடன் தங்கியிருந்தான். அவன் அழைத்ததை ஊரே எடுத்துக்கொண்டது. அரியலூர்ப் பக்கத்து விவசாயக் கூலி. கட்டட ஒப்பந்த வேலைக்கு வந்து, அந்த நிறுவனம் படுத்ததும் எங்கள் கழகத்துக்கு மாறியவர். சுடும் இடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி மண்மேட்டுக்கு முன்னால் ஆளுயரப் பள்ளம் ஒன்று உண்டு. அவர் அதற்குள் உட்கார்ந்திருப்பார். இலக்குத் தாள்கள் பள்ளத்துக்கு மேலே சட்டத்தில் நிற்கும். தோட்டாக்கள் தலைக்கு மேலே போகும். ஒரு சுற்று முடிந்ததும் மேலே ஏறி, தாளைக் கழற்றிப் புதியதை ஒட்டிவிட்டு மறுபடி இறங்குவார். பள்ளத்தில் இருந்தபடியே, சத்தத்தை வைத்து எந்தத் துப்பாக்கி, யார் சுடுகிறார் என்று சொல்லிவிடுவார். "இது எகிப்துக்காரருங்க ஐயா. சுட்டுட்டு ஒரு மூச்சு வுட்டுட்டுத்தான் அடுத்தது சுடுவாரு" என்று ஒருமுறை என்னிடம் விளக்கினார்.

பள்ளத்திலிருந்து எப்போது ஏறலாம் என்பதற்கு நான் எழுதி, லேமினேட் செய்து, சுவரில் மாட்டிய நடைமுறை ஒன்று இருந்தது. எல்லாத் துப்பாக்கிகளும் காலி என்று தள அதிகாரி, அதாவது மாஸ்டர், ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பிறகு சிவப்புக் கொடியை இறக்க வேண்டும். கொடி இறங்கியதைப் பள்ளத்துக்காரர் கண்ணால் பார்த்த பின்பே ஏற வேண்டும். அருமையான நடைமுறை. யாரும் பின்பற்றவில்லை. கொடிக்கயிறு உப்புக்காற்றிலும் மணலிலும் இறுகி, கப்பியில் சிக்கிக்கொள்ளும். வெயிலில் நின்று அதோடு மல்லுக்கட்டினால் உறுப்பினர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் நடந்தது வேறு. மாஸ்டர் வாக்கி டாக்கியில் "கலாஸ்" என்பார், அரபியில் முடிந்தது என்று பொருள். பள்ளத்திலிருந்து சித்தப்பா "கலாஸா?" என்று திருப்பிக் கேட்பார். "கலாஸ்" என்று இரண்டாவது முறை சொன்னதும் ஏறிவிடுவார். கொடியைப் பிறகு யாராவது சாவகாசமாக இறக்குவார்கள், சில நாள் மறந்தும் போவார்கள். ஆண்டுக்கணக்காக இப்படித்தான் நடந்தது. ஒரு கீறல் விழவில்லை.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு வல்லூறின் முட்டை. எங்கள் வேலிக்கு அப்பால் ஒருவர் வேட்டை வல்லூறுகளை இனப்பெருக்கம் செய்யும் பண்ணை தொடங்கினார். முதீரால் இல்லை என்று சொல்லமுடியாத இடத்தில் இருந்தவர். துப்பாக்கிச் சத்தத்தில் தாய்ப்பறவைகள் முட்டையை விட்டு எழுந்துவிடுகின்றன என்று புகார் வந்தது. எங்கள் தளத்தில் ஆண்டுக்கணக்கில் சத்தத்துக்குள் வேலை செய்த மனிதர்களின் காதைப் பற்றி அதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. வல்லூறுக்கு வந்தது. உடனே முதீர் எங்கள் இருவரையும் அழைத்து, கழகத்தின் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் சத்தக் குறைப்பான் வாங்க வேண்டும், மாஸ்டர் தேர்ந்தெடுக்கட்டும், நான் அனுமதி வாங்கட்டும் என்றார்.

மாஸ்டரை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்ததில்லை. மறுநாளே நீளமேசையில் பச்சைத் துணி விரித்து, துப்பாக்கிகளைத் தோட்டாவின் பருமன்படி வரிசையாகக் கிடத்தி, முதீருக்கும் எனக்கும் ஒரு வகுப்பே எடுத்தார். முதலில் எங்கள் பேராசையைக் கிள்ளினார். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வாங்கினால் என் காகித வேலை குறையுமே என்று நான் சொன்னதும், ஒரு கட்டைத் தோட்டாவையும் ஒரு மெல்லிய தோட்டாவையும் என் உள்ளங்கையில் வைத்தார். மெல்லியதற்காகச் செய்த குறைப்பானின் துளையில் கட்டையானது நுழையாது, உள்ளே தட்டுகளில் மோதிச் சிதறும், நுனியில் மாட்டியது வெடிகுண்டாகிவிடும் என்றார். மாற்றிச் செய்யலாம். முன்னூற்றெட்டு என்ற கட்டைத் தோட்டாவின் குறைப்பானை இருநூற்றிருபத்துமூன்று என்ற மெல்லியதன் துப்பாக்கியில் மாட்டினால் ஆபத்தில்லை, ஆனால் சத்தம் அவ்வளவு குறையாது. இரண்டிலும் திருகும் மரை ஒரே அளவாக இருந்துவிட்டால் அவசரக்காரன் தவறானதைத் திருகிவிடுவான். அதனால் வெவ்வேறு மரை உள்ளவையாக வாங்க வேண்டும், ஒவ்வொன்றிலும் வண்ணப் பட்டை ஒட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

வேட்டைத் துப்பாக்கியும் இலக்குத் துப்பாக்கியும் ஒரே முன்னூற்றெட்டாக இருந்தாலும் ஒரே குறைப்பானைக் கட்டக்கூடாது என்பது அவர் அடுத்த வாதம். எங்கள் உறுப்பினர்கள் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகுமுன் துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்க இங்கே வருவார்கள். வேட்டையில் நாளெல்லாம் தோளில் தூக்கித் திரிய வேண்டும். நுனியில் கனம் கூடினால் தூக்கிப் பிடிக்கும்போது மூக்கு கீழே சாயும், நீளம் கூடினால் முட்செடியில் மாட்டும். எனவே குழாயின் மேலேயே பின்னோக்கி ஏறி உட்காரும் குட்டையான, எடை குறைந்த வகை. இரண்டு மூன்று தோட்டாவுக்குமேல் அதற்கு வேலை இல்லை. இலக்கு சுடுகிறவனோ வரிசையாகச் சுட்டுத் தள்ளுவான். குறைப்பான் அடுப்பாகக் கொதிக்கும். அதிலிருந்து எழும் வெப்ப அலை தொலைநோக்கியின் முன்னால் நடுங்கி, இலக்கைத் தண்ணீருக்குள் கிடப்பது போலக் காட்டும். ஏற்கெனவே மணல் முழுவதும் அந்த நடுக்கம்தான். அதற்குக் கனமான எஃகு வகையும், மேலே சுற்றத் தடித்த துணி உறையும் வேண்டும். எங்களிடம் இருந்தவற்றில் வலுவான துப்பாக்கியான முன்னூறு மேக்னத்துக்கு எல்லாவற்றிலும் பெரிய குறைப்பான். அத்தனை வெடிமருந்துப் புகைக்கும் உள்ளே இடம் வேண்டுமாம். எதை மாட்டினாலும் குறி சற்று இடம் மாறும், மாட்டிய பிறகு மறுபடி குறி பார்க்காமல் ஆப்பிரிக்கா போகிறவன் மரத்தைத்தான் சுடுவான் என்று முடித்தார். முதீர் சிரித்தார். ஒன்றை மட்டும் மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்: "இத மாட்டுனா சத்தம் செத்துப்போவும்னு எவனும் நெனைக்காண்டாம். பெரிய தோட்டா காத்தக் கிழிச்சுட்டுப் போற சத்தத்த இது பிடிக்காது. காதடைப்பான் எல்லாவனும் போடணும்."

மேசையின் கடைசியில் இருபத்திரண்டு கிடந்தது. பழகுகிறவர்களும் குடும்பத்தோடு வருகிறவர்களும் சுடும் சிறிய துப்பாக்கி. அதற்கான குறைப்பான்தான் விலையும் எடையும் குறைந்தது, தேர்ந்தெடுக்க மிகவும் எளிது. மாஸ்டர் அதைத் தொடாமலே துணியை மடிக்கத் தொடங்கினார். முதீர் விரலால் சுட்டிக் கேட்டபோது, என் பக்கம் திரும்பி, தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இருபத்திரண்டுக்கு வேண்டாம், சாரே. சொல்லிரும்."

ஏன் என்று கேட்டேன். ஈயப் பிசுக்கு உள்ளே படியும், அடிக்கடி பிரித்துக் கழுவ வேண்டும் என்றார். பிரித்துக் கழுவக்கூடிய வகை கிடைக்கிறதே, விலைப்பட்டியலில் அவரே குறித்திருக்கிறாரே என்றேன். அந்தச் சத்தம் ஏற்கெனவே சின்னது, வல்லூறுக்குக் கேட்காது என்றார். முதீர் அதற்கு மேலே ஒரு படி போனார். வேகம் குறைந்த தோட்டாவும் குறைப்பானும் சேர்ந்தால் ஒரு சத்தமும் இருக்காதாமே, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிடிக்கும், கட்டாயம் வாங்குங்கள் என்றார். மாஸ்டரின் முகம் கறுத்தது. "பள்ளத்துல ஒருத்தன் நிக்கானே, அவனுக்குக் கேக்காண்டாமா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவனிடம் வாக்கி டாக்கி இருக்கிறது, குழிக்குள் இருப்பவனுக்குக் காது எதற்கு என்று முதீர் மிக அன்பாகக் கேட்டார். மாஸ்டர் யாரோடும் அரைமணி நேரம் வாதாடக்கூடியவர். அன்று அதோடு வாயை மூடிக்கொண்டார். பெரியவற்றுக்கெல்லாம் இவ்வளவு ஆசைப்பட்டவர் ஒரு பேனா அளவு குழாய்க்கு ஏன் இப்படிச் சுணங்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பாமேல் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். அதில் பாதி உண்மை.

அனுமதிகள் வர ஒரு குளிர்காலம் முழுவதும் ஆனது. பெட்டி வந்து சேர்ந்த அன்று, கறுப்பு நுரையில் ஐந்து கறுப்புக் குழாய்கள் தூங்குகிற பிள்ளைகள் போலக் கிடந்தன. ஒவ்வொன்றின் எண்ணையும் நான் காகிதத்தோடு ஒப்பிட்டேன். மாஸ்டர் ஒவ்வொன்றையும் மாட்டி, குழாயின் பின்பக்கத்திலிருந்து கண்ணை வைத்து, உள்துளை நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பெரியவற்றின் சத்தம் உண்மையிலேயே அடங்கியது. அலுவலகக் கண்ணாடிச் சன்னல் அதிர்வது நின்றது. இருபத்திரண்டின் சத்தமோ நான் என் மேசையில் ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தத்துக்குமேல் இல்லை. "எறும்பு தும்முற மாதிரி இருக்குங்கய்யா" என்றார் சித்தப்பா. "முன்னெல்லாம் சத்தத்த வச்சு ஆளக் கண்டுபிடிப்பேன். இப்ப தாள்ல ஓட்டை வுழுந்தாத்தான் சுட்டாங்கன்னே தெரியுது." சொல்லிவிட்டுச் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வெளியே எடுக்கப்படும் நாட்களில் அவர் அதைச் சுடுகிற ஆளை விட்டு நகராமல் அந்த ஆளுக்கு இடப்புறமாகப் போய் நிற்பதையும், அந்த ஆள் துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து காட்டும்வரை உற்றுப் பார்ப்பதையும் கவனித்தேன். பெரிய துப்பாக்கிக்காரர்களிடம் அப்படிச் செய்வதில்லை. என் லேமினேட் தாளை ஒருவராவது பின்பற்றுகிறாரே என்று எனக்கு ஒரு திருப்தி.

அந்த நாள் வந்தது கோடையின் தொடக்கத்தில், பிற்பகலில். தெற்கே அடிவானம் பழுப்பாகிப் புழுதிக்காற்று வரும் அறிகுறி தெரிந்தது. தளத்தில் மூவர் இருந்தார்கள். வலப்புறம் இரண்டு உறுப்பினர்கள் வேட்டைத் துப்பாக்கிகளோடு, இடக்கோடியில் அவர்களில் ஒருவருடைய மைத்துனர் இருபத்திரண்டோடு. மைத்துனர் தோட்டா தீர்ந்து துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டதை மாஸ்டர் பார்த்திருக்கிறார். அதற்குள் வலப்புறத்து உறுப்பினரின் துப்பாக்கியில் காலித் தோட்டாக்கூடு சிக்கிக்கொண்டது. மாஸ்டர் அவரிடம் போய்க் குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தபோது, மைத்துனர் இன்னொரு தோட்டாப் பெட்டியை மாட்டிச் சுடத் தொடங்கினார். ஸ்டேப்ளர் சத்தம். கூட்டை எடுத்து முடித்து நிமிர்ந்த மாஸ்டர், காற்று வருவதைப் பார்த்து, வாக்கி டாக்கியை எடுத்தார். கலாஸ். கலாஸா? கலாஸ். தொலைநோக்கியில் கண் வைத்திருப்பவனுக்கு இலக்குத் தாள் மட்டும்தான் தெரியும். பள்ளத்திலிருந்து ஒரு மனிதன் ஏறுவது தெரியாது. சிறிய தோட்டாதான். கழுத்தில் பட்டது.

நான் அலுவலகத்தில் இருந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. மாஸ்டர் நூறு மீட்டரையும் ஓடுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துத்தான் எழுந்தேன். அந்த வயதில் ஒரு மனிதன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவின் தலை மாஸ்டரின் மடியில் இருந்தது. புதிய இலக்குத் தாள்கள் மணலில் பறந்துகொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் வருமுன் புழுதிக்காற்று வந்துவிட்டது. கொடி மேலேதான் படபடத்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்தவை எனக்குத் தெரிந்த விஷயங்கள். ஒரு தொழிலாளி இறந்தால் எந்த அலுவலகத்தில் தொடங்கி எந்த அலுவலகத்தில் முடிக்க வேண்டும், மருத்துவமனைச் சான்று, தூதரகத்தின் தடையின்மைக் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட், உடலைப் பதப்படுத்தும் இடம், விமான நிலையத்தின் சரக்குப் பிரிவு. சரக்குப் பிரிவின் சீட்டில் பொருளின் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியும். எழுதினேன். அரியலூரிலிருந்து அவர் மனைவியின் தம்பி தொலைபேசியில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: "அவரு பேர்ல தப்பு ஏதும் இல்லீங்களே?" விசாரணை முடியட்டும் என்றேன். அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். இறந்தவர் விதியை மீறினார் என்று முடிவானால் அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது எதுவும் சேராது. கடைசியில் ஒரு வரி மிஞ்சும்: தன் தவறால் செத்தான்.

அந்த வரி கிட்டத்தட்டத் தயாராகவே இருந்தது. கொடி மேலே இருந்தது. கொடி இறங்காமல் ஏறக்கூடாது என்று சுவரில் மாட்டியிருந்தது, கீழே சித்தப்பாவின் கையெழுத்தும் இருந்தது. வாக்கி டாக்கியில் சொன்னதற்குப் பதிவு கிடையாது. வலப்புறத்து உறுப்பினர்கள் காதடைப்பான் போட்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். கொடி மேலே இருந்ததால் சுட்டேன் என்றார் மைத்துனர். பள்ளத்தில் வேறு ஆள் இல்லை. அன்று கலாஸ் என்று சொன்னதை அறிந்தவர்கள் இரண்டே பேர், அவர்களில் ஒருவர் பெட்டியில் போய்விட்டார். முதீர் என்னை அழைத்து, கெட்டவராக இல்லாமல், களைத்தவராகச் சொன்னார்: கொடி மேலே இருந்தது உண்மைதானே, உண்மையை எழுதுவோம், மாஸ்டருக்கும் நல்லது. மாஸ்டரிடம் சொன்னேன். வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழில் பேசுவேன், நீர் வந்து அரபியில் சொல்லும் என்றார். அவருக்கு இந்தி நன்றாக வரும், காவல் நிலையத்தில் இந்தி புரிகிறவர்களும் உண்டு. ஏன் நான் என்று கேட்கவில்லை.

காவல் நிலையத்தில் அதிகாரி ஒரு நீளமேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரே, மேசையின் ஓரமாக, தரையில் திருகப்படாத ஒரு நாற்காலி. மாஸ்டர் உட்கார்ந்ததும் அதிகாரி அவருக்கு இடப்பக்கமாக அமைந்துவிட்டார். மாஸ்டர் எழுந்து, நாற்காலியைத் தூக்கி, வலது காது அதிகாரியைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார். இயல்பாக, யோசிக்காமல், வாழ்நாள் முழுவதும் செய்தவர் போல. அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. காரை எப்போதும் அவரே ஓட்டியது ஏன் என்று. அந்த நாட்டு வண்டியில் ஓட்டுநருக்கு வலப்புறத்தில்தான் மற்றவர் இருப்பார். இருபத்திரண்டு வரும் நாட்களில் சுடுகிறவருக்கு இடப்புறம் போய் நின்றது ஏன் என்று. துப்பாக்கியைத் தோளில் வைக்கிறவனின் இடது காது குழாய் நுனிக்கு நெருக்கம். ராணுவமும் கழகமுமாகச் சேர்ந்து அந்தக் காதைத் தின்றிருந்தன. பெரிய துப்பாக்கியை அவர் வலது காதால் கேட்டுவிடுவார். குறைப்பான் மாட்டிய இருபத்திரண்டைச் சற்றுத் தள்ளி நின்றால் அவரால் கேட்க முடியாது. அதனால்தான் வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்று சொன்னால் வேலை போய்விடும். காது கேளாதவன் தள அதிகாரியாக இருக்க முடியாது என்று ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவச் சோதனையின் விதி சொல்கிறது. அந்த விதியையும் நான்தான் கோப்பில் வைத்திருந்தேன்.

"எனக்க எடது செவி செத்து கொறெ வருசமாச்சு சாரே" என்றார். "அத அப்படியே சொல்லும்."

நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. மருத்துவச் சோதனையில் எப்படித் தேறினீர்கள் என்று கேட்பார்கள் என்றேன். கேட்கட்டும் என்றார். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே பொத்தானை அமுக்குகிற நர்ஸின் கை கண்ணாடியில் தெரியும், கையைப் பார்த்து விரலைத் தூக்கினேன் என்றார். இதைச் சொன்னால் சிறை, அதன் பிறகு இந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது, நடைமுறை இதுதான் என்று எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நடைமொறை எல்லாம் உமக்க கிட்டே இருக்கட்டும். அவன் தன்னால ஏறல்ல. ரெண்டாம் தடவை கேட்டான். நான் கலாஸ்னு சொன்னேன். ஏறுனான். இதுல ஒரு வார்த்தை கொறையாமச் சொல்லும்."

ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். மாஸ்டர் குடித்தார், நான் குடிக்கவில்லை.

அரியலூர்க் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. இறந்தவர் பேரில் தவறு இல்லை என்று இரண்டு மொழியில் முத்திரையிட்ட தாளை நானே அனுப்பிவைத்தேன். மாஸ்டர் சிறையில் இருந்தார். பிறகு கைரேகை எடுத்துக்கொண்டு ஊருக்கு அனுப்பினார்கள். அவருடைய ஆவணங்களையும் நான்தான் முடித்தேன். விமான நிலையத்தில் விலங்கைக் கழற்றும்போது, என் பக்கம் திரும்பி, "எனக்கும் கேட் பாஸ் போட்டாச்சா சாரே?" என்றார். போட்டாச்சு என்றேன். அதற்குமேல் பேசினோமா என்று நினைவில்லை. இப்போது அவருக்கு வலது காதும் போய்விட்டது என்று அவர் மகள் சொன்னாள். தொலைபேசியில் நான் பேசுவதை அவள் கையசைத்து அவருக்குச் சொல்கிறாள். அவர் சொல்லும் பதில் எனக்கு நேராகக் கேட்கிறது, மிகவும் சத்தமாக.

சிறிய குறைப்பானைக் காவல்துறை சாட்சிப் பொருளாக எடுத்துச் சென்றிருந்தது. வழக்கு முடிந்ததும் முத்திரையிட்ட உறையில் திரும்ப வந்தது. நான் கையெழுத்திட்டு வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, நுரையில் அதன் குழியில் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. மறுவாரமே புதிய தள அதிகாரி வந்தார். இளைஞர், இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் என்று சான்றிதழ் இருந்தது. குடும்பத்தோடு வருகிறவர்கள் இருபத்திரண்டைக் கேட்கிறார்கள் என்று முதீர் சொன்னார். வழங்கல் சீட்டில் நான் கையெழுத்திட்டேன். வேண்டாம் என்பதற்குச் சீட்டில் கட்டம் இல்லை. வேலிக்கு அப்பால் வல்லூறுக் குஞ்சுகள் நன்றாகப் பொரிந்ததாகக் கேள்விப்பட்டோம். பின்னாளில் எல்லாக் குழாய்களையும் இரும்புப் பெட்டிக்கு மாற்றினார்கள். நுரையைக் குப்பையில் போடச் சொன்னபோதுதான் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் என் மனைவி கண் மருந்து வாங்கி வந்தாள். சிறிய பாட்டில். நுரையைத் தட்டிலிருந்து இழுத்து, அந்தச் சின்னக் குழியில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. நான் எழுந்து போய் அதை எடுத்து, பக்கத்தில் வைத்தேன்.

"இத்தன வருசமா சும்மாதானே கெடக்கு. இதுல வச்சா என்ன?" என்றாள்.

"அதுக்குரியது அங்க இன்னும் டூட்டியில இருக்கு" என்றேன்.